கறுப்புச் சேட்டு போட்ட மருமகனுக்கு

வா மருமகனே, இங்கிட்டு வா. வெளிச்சத்துல நில்லு பாப்போம். ரொட்டிக்கு மா கொழைச்ச கையோட அப்படியே பஸ் ஏறிட்டியா? இல்லியா? அப்ப தோள்ல கெடக்குறது என்னா? கோதுமை மா விக்கிற வெலையில இப்புடிக் கொட்டிக்கிட்டுத் திரியிறியேன்னு ஒரு நிமிசம் எனக்கு வயிறு எரிஞ்சு போச்சு. தட்டாதே! தட்டாதேங்குறேன்ல! ஒன் அத்தை இப்பத்தான் வாசலக் கூட்டிட்டு உள்ள போனா. வெளக்கமாறு இன்னும் கையிலதான் இருக்கும்.

உக்காரு. தேத்தண்ணி வரும். நாயித்துக்கெழம தெல்தோட்டையில பொண்ணு பாக்கப் போறீங்களாமே, ஒங்கம்மா போன்ல அழுதா. பொண்ணு வீட்டுல என்னா கேப்பாங்களோன்னு அழுவலடா, ஒன் தலைய நெனைச்சு அழுவுறா. கண்டியில துணிக்கடையில நிக்கிறவன் நீ, கடையில ஆயிரம் நெறம் கெடக்கு, ஒனக்குன்னு கறுப்புத்தான் வாய்ச்சுச்சா? "கடை யூனிபார்ம் மாமா"ங்குற. சரிதான். மொதலாளி கெட்டிக்காரன், எவன்கிட்ட என்னா இருக்குன்னு தூரத்துலேர்ந்தே தெரியட்டும்னு குடுத்திருக்கான்.

என் மண்டைய ஏன் பாக்குற? வழுக்கைதான், ஒத்துக்குறேன். அம்பது வருசத்துக்கு முந்தி இதுல காடு இருந்துச்சு, காட்டுக்குள்ள பொடுகும் இருந்துச்சு. காடு போச்சு, அதோட அதுவும் போச்சு. அந்த வைத்தியத்த மட்டும் ஒனக்குச் சொல்ல மாட்டேன், கல்யாணம் ஆகாத பய.

இதுவரைக்கும் என்னென்ன செஞ்சீங்கன்னு ஒங்கம்மா ஒப்பிச்சா. தையில எலுமிச்சம்பழம். மாசியில வெந்தயம் ஊறவச்சு அரைச்சது. பங்குனியில தயிரு. அப்புறம் சின்ன வெங்காயத்த இடிச்சுச் சாறு புழிஞ்சு அதுவும். மண்டைய வச்சு ஒரு சம்பலே போட்டுட்டீங்க, தேங்காப்பூ மட்டுந்தான் பாக்கின்னு பாத்தா அது தலையிலேயே வெளையுது! எலுமிச்சம்பழத்த ஒடனே விட்டுரு. சொறிஞ்சு சொறிஞ்சு தோலு பிஞ்ச எடத்துல புளி பட்டா எரியாம என்னா செய்யும்? அந்த எரிச்சல "மருந்து வேலை செய்யுது"ன்னு பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தியாமே. நல்லா வளத்திருக்கா எந்தங்கச்சி.

பொடுதலைன்னு ஒரு கொடி இருக்கு, ஈரமான எடத்துல தரையோட படரும். பேருக்குள்ளயே பொடுகும் இருக்கு, தலையும் இருக்கு. எங்க அப்பாயி அதத் தேங்கெண்ணெயில போட்டுக் காய்ச்சி, சனிக்கெழமன்னா எங்கள வரிசையா உக்கார வச்சுத் தேய்ச்சுவிடும். கொடிய நான் பழிக்கல. எனக்குச் சந்தேகமெல்லாம் அந்த எண்ணெய் மேலதான். ஏன்னா, நர்சுக்குப் படிக்கிறாளே என் பேத்தி, அவ ஒரு நாள் இந்தத் திண்ணையில உக்காந்து எல்லாத்தையும் பிட்டுப் பிட்டு வச்சா. பொடுகுங்குறது அழுக்கு இல்லியாம். வறண்ட தோலும் இல்லியாம். ஒரு பூஞ்சணத்தால வர்றதாம். ஒரு ஆள்கிட்டேர்ந்து இன்னொரு ஆளுக்குத் தொத்துற பூஞ்சணமும் இல்ல; ஒன் தலை, என் தலை, தொரை தலை, எல்லார் தலையிலயும் அது குடியிருக்கு. 1874ல பிரான்சுக்காரன் ஒருத்தன், மலாசேன்னு பேரு, பொடுகச் சொரண்டிப் பாத்து அதுக்குள்ள இது இருக்குன்னு சொன்னானாம். அதனால அதுக்கு மலாசீசியான்னு அவன் பேரையே வச்சுட்டாங்க. பாரு மருமகனே, ஒருத்தன் மலையக் கண்டுபிடிச்சா மலைக்கு அவன் பேரு, பொடுகச் சொரண்டுனா பூஞ்சணத்துக்கு அவன் பேரு.

அந்தப் பூஞ்சணத்துக்குச் சோறு என்னா தெரியுமா? எண்ணெய். தலைத்தோலு தானாக் கசியுற எண்ணெயத் தின்னுதான் அது உசுரு வாழுது. அதனாலதான் சின்னப் புள்ளைங்களுக்குப் பொடுகு ரொம்ப இருக்காது, மீசை மொளைக்கிற வயசுல எண்ணெய் ஊற ஆரம்பிச்சதும் இதுவும் வந்து நிக்கும். தின்னுட்டுச் சும்மாவும் இருக்காது, மிச்சத்துல ஒரு வகை அமிலத்தக் கழிச்சு வச்சுரும். அது சில பேரு தோலுக்கு ஒத்துக்காது. ஒத்துக்காத தோலு பதறும், அரிக்கும், ஒரு மாசத்துல மொள்ள உதிர வேண்டியது அவசர அவசரமாக் கட்டி கட்டியா உதிரும். அதுதான் ஒன் சேட்டுல கெடக்குற கோதுமை மா. இப்பச் சொல்லு, ராத்திரி கால் போத்தல் தேங்கெண்ணெய ஊத்தி, தலையத் துணியால கட்டிக்கிட்டுப் படுத்தியே, யாருக்கு விருந்து வச்ச?

எண்ணெயே வேண்டாம்னு சொல்லல. செதிலு தடிச்சு அப்பிக் கெடந்தா கொஞ்சம் தடவி, ஒரு மணி நேரம் ஊறவச்சுக் கழுவிரலாம், செதிலு எளகிக் கழண்டு வரும். வந்த விருந்தாளி போயிரணும், அவ்வளவுதான். ஒங்க வீட்டுல எண்ணெய் ரேசன் காட்டே எடுத்துக் குடியேறிருச்சு.

சரி, பைக்குள்ள என்னாத்த ஒளிக்கிற? எடு. போத்தல்தானே? கண்டி பார்மசியில வாங்குனதா? படி பாப்போம். கீட்டோகொனசோல், 2 வீதம். பேரச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள பாதிப் பொடுகு உதிர்ந்துரும் போல. "வெறும் ரெண்டு வீதந்தான் மாமா, அதான் வேலை செய்யல"ங்குற. அடே, மொளகாத்தூளு கறியில எத்தன வீதம்? போட்டுப் பாத்தியா நூறு வீதம்?

எப்படிப் பூசுன, அதச் சொல்லு மொதல்ல. தலையில ஊத்துனேன், நுரை வந்துச்சு, கழுவிட்டேன். எத்தன நேரம்? "ஒரு நிமிசம் இருக்கும்." இருக்காது. நான் பாத்திருக்கேன் நீ பீலியில குளிக்கிறத. ஹேவாஹெட்டப் பீலித் தண்ணி, மார்கழின்னா பல்லு கிட்டிப் போகும். முடிக்கு மேல நுரை, முழங்காலுக்குக் கீழ நடுக்கம், "ஊ"ன்னு ஒரு சத்தம், ஓட்டம். மருந்து முடியில வழிஞ்சு பீலிக்கானுல போச்சு. பொடுகு தலைத்தோலுல பத்திரமா இருந்துச்சு. ரெண்டும் ஒண்ண ஒண்ணு பாத்துக்கவே இல்ல, சண்டை எப்படி நடக்கும்? இந்தக் கானுல இருக்குற தவளைக்கெல்லாம் இப்பப் பொடுகே கெடையாது, அந்தப் புண்ணியம் ஒனக்குத்தான்.

இதே மாதிரி நானும் ஒரு காலத்துல செஞ்சேன். தலைக்கு இல்ல, தேயிலைக்கு.

எழுபதுகள்ல எனக்குத் தோட்டத்துல மருந்தடிக்கிற வேலை. பிளிஸ்டர்னு தொரைமார் சொல்லுவாங்க, நாங்க கொப்புளம்போம். 1946ல சிலோனுக்கு வந்து சேந்த நோய் அது. அதுவும் பூஞ்சணந்தான். எளங்கொழுந்துல மேல சின்னக் குழி விழும், இலையத் திருப்பிப் பாத்தா அடியில புடைச்சுக்கிட்டு வெள்ளையா, மா தடவுன மாதிரி இருக்கும். ஒன் சேட்டுத் தோள் மாதிரியேதான். மழை மாசத்துல, பனி மூடிக் கெடக்குறப்போ, ஒரு நெரையில கண்டுச்சுன்னா சீக்கிரமே மலையே வெள்ளை. முதுகுல டேங்கியக் கட்டி, காப்பர் மருந்தக் கரைச்சு ஊத்தி, பறிச்சு முடிச்ச மலைக்கு ஏழு நாளைக்கு ஒருக்கா, பத்து நாளைக்கு ஒருக்கா அடிக்கணும். அதுக்கு ரவுண்டுன்னு பேரு. ரவுண்டு தப்பக் கூடாது.

நான் என்னா செஞ்சேன்? ரெண்டு ரவுண்டு அடிச்சேன். கொழுந்து பளபளன்னு வந்துச்சு. மூணாவது ரவுண்டு அன்னிக்கு நல்ல மழை, எங்கூட்டாளி கல்யாணம் வேற. "கொப்புளமே இல்லியே, எதுக்கு அடிக்கணும்"னு மேல் மலையில நாலு நெரைய விட்டுட்டு, டேங்கியக் கானுல கவுத்திட்டு வந்துட்டேன். பத்து நாள்ல கணக்கப்பிள்ளை என்னைக் கூட்டிக்கிட்டுப் போயி அந்த நாலு நெரை முன்னாடி நிப்பாட்டுனாரு. வையல. அடிக்கல. ஒரு இலையத் திருப்பி என் கையில வச்சாரு, அவ்வளவுதான். ஒங்கத்தையக் கட்டுன அன்னிக்குக்கூட நான் அப்படித் தலை குனிஞ்சதில்ல.

கண்ணுக்குத் தெரியல்லன்னா இல்லன்னு அர்த்தமில்ல மருமகனே. இலையிலயும் அப்படித்தான், மண்டையிலயும் அப்படித்தான்.

இந்த ஊருக்கே பூஞ்சணத்தோட ஒரு கணக்கு வழக்கு இருக்கு. லூல்கந்துரத் தோட்டம் எங்க இருக்கு? நம்ம பக்கத்துலதானே. ஜேம்ஸ் டெய்லர் தொரை 1852ல பதினாறு பதினேழு வயசுப் பயலா வந்து எறங்குனப்போ இந்த மலையெல்லாம் காப்பி. 1869ல காப்பி இலையில துரு மாதிரி ஒரு தூளு கண்டுச்சு. இருவது வருசத்துக்குள்ள காப்பிய மொட்டையடிச்சுருச்சு. அதுவும் பூஞ்சணம். காப்பி செத்ததுக்கு அப்புறந்தான் தேயிலை வந்துச்சுன்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுக்குறாங்க. ஆனா டெய்லர் தொரை லூல்கந்துரையில 19 ஏக்கருல தேயிலை நட்டது 1867ல, துரு வர்றதுக்கு ரெண்டு வருசம் முந்தியே. மனுசன் இப்பக் கண்டி மஹியாவை மயானத்துல படுத்திருக்காரு. அவரு உக்காந்த கல்லு இருக்கைய இன்னும் வெளிநாட்டுக்காரங்க வந்து படம் புடிச்சிட்டுப் போறாங்க. அந்தக் காப்பிப் பூஞ்சணம் மட்டும் வரலன்னா மலையெல்லாம் தேயிலையா ஆகியிருக்குமா, நம்ம பாட்டன் பாட்டிமாரு கொழுந்துக் கூடையக் கயித்துல கோத்துத் தலையில மாட்டியிருப்பாங்களா? ஒரு பூஞ்சணத்தால சோறு தின்ன வம்சம் நாம, இன்னொரு பூஞ்சணத்தப் பாத்து அழுவலாமா? வேலையப் பாக்கணும்.

வேலை என்னான்னா, கெழமைக்கு ரெண்டு ரவுண்டு. திங்களும் வியாழனும்னு வச்சுக்க. தலைய நல்லா நனை. மருந்த முடிக்குப் பூசாதே, வகிடு வகிடா ஒதுக்கித் தோலுக்குப் பூசு. நாங்க தேயிலைக்கு அடிக்கிறப்போ மரத்தண்டுக்கா அடிச்சோம்? கொழுந்து எங்கயோ அங்க. அப்புறம் வெரல் நுனியால மொள்ளத் தேயி, நகத்தால கீறாதே. ஷாம்புங்குற வார்த்தையே அமுக்கிப் பிடிக்கிறதுங்குற இந்திப் பேச்சுலேர்ந்து வந்ததாம், பேத்திதான் சொன்னா. பட்னாக்காரரு ஒருத்தரு, சேக் தீன் மகமத்னு பேரு, 1814ல இங்கிலாந்துல பிரைட்டன் கடற்கரையில நீராவிக் குளியலும் அமுக்கிப் பிடிக்கிறதும் வச்சுக் கடை போட்டாரு. பொறவு ராசாவுக்கே ஷாம்பு வைத்தியரா ஆகிட்டாரு. அன்னிக்குப் போத்தலே கெடையாது, வெறும் கைதான். ஒனக்குப் போத்தல் இருக்கு, கைதான் இல்ல.

தேய்ச்ச பொறவு மூணுலேர்ந்து 5 நிமிசம் அப்படியே விடு. இதுதான் சங்கதி. மருந்து பூஞ்சணத்தப் புடிக்க நேரம் வேணும். பீலியில குளிருதுன்னா சுடுதண்ணி போட்டுத் தர ஒங்கத்தை மாட்டேன்னா சொல்லுவா? துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு அடுப்பு பக்கத்துல வந்து நில்லு. கண்ணுல மட்டும் விட்டுராதே. இப்புடி ரெண்டு கெழமையிலேர்ந்து நாலு கெழமை. "மாமா, ரெண்டு தடவை போட்டேன், போயிருச்சு"ன்னு நெரைய விட்டுட்டு ஓடாதே. நாலு கெழமைக்கு அப்புறமும் கெழமைக்கு ஒண்ணு, இல்லாட்டி ரெண்டு கெழமைக்கு ஒண்ணு போட்டுக்கிட்டே இருக்கணும். எத்தன நாளைக்கா? தேயிலை இருக்குற வரைக்கும் கொப்புளத்துக்கு அடிச்சோம். தலை இருக்குற வரைக்கும்னு வச்சுக்கயேன். என் மாதிரி ஆகிட்டா லீவு.

ஒங்க அக்கா வேற போத்தல் வாங்கியிருக்காளாம், செலீனியம் சல்பைடுன்னு. அதுவும் நல்ல மருந்துதான். ஆனா பூசுறதுக்கு முந்தி சங்கிலி, தோடு, மோதிரமெல்லாம் கழட்டி வைக்கச் சொல்லு, நகை நெறம் மாறிரும். மச்சான் சம்பாத்தியம் கறுத்துப் போச்சுன்னு அதுக்கொரு சண்டை வேண்டாம். நரைச்ச தலைக்கு அதப் பூசுனா நரை மஞ்சளாகவும் கூடும், அதனால ஒங்கம்மா தொட வேண்டாம். நாகப் பைரிதியோன் போட்டது ஒண்ணு இருக்கு, அதுதான் கடையில பொதுவாக் கெடைக்கிறது. ஐரோப்பாவுல 2022 மார்ச்சுலேர்ந்து அத அழகுச் சாமான்ல போடக் கூடாதுன்னு நிப்பாட்டிட்டாங்க, அமெரிக்காவுல இன்னும் விக்கிது. தார் போட்டதும் உண்டு, அத நான் வாலிபத்துல போட்டிருக்கேன். ரோட்டுக்குத் தார் ஊத்துற எடத்துல படுத்து எந்திரிச்ச மாதிரி மணக்கும். பொண்ணு பாக்கப் போறவனுக்கு ஆகாது.

அப்புறம் இன்னொண்ணு. சலூன்ல எவனோ ஒரு டியூப் குடுத்தானாமே, "ரெண்டே நாள்ல அரிப்பு போகும்"னு. அரிப்பு போகும், அதத் தெனம் தேய்ச்சா தோலும் பின்னாலயே போகும். அதெல்லாம் டொக்டர் எழுதிக் குடுத்தா, சொன்ன நாளைக்கு மட்டும் பூசுறது. போத்தல்ல இருக்குற இதே கீட்டோகொனசோல மாத்திரையா முழுங்குனா சீக்கிரம் போகுமான்னு கேக்காதே. ஈரலக் கெடுக்குதுன்னு 2013லயே ஐரோப்பாவுல பூஞ்சண நோய்க்கு அந்த மாத்திரைய நிறுத்தச் சொல்லிட்டாங்க. தலையில பூசிக் கழுவுறது ஒடம்புக்குள்ள எறங்குறது கெடையாதுங்குற அளவுக்குக் கம்மி. முழுங்குறது வேற கதை.

நாலு கெழமை ஒழுங்கா ரவுண்டு அடிச்சும் அடங்கலன்னா, இல்ல புருவத்துலயும் மூக்கோரத்துலயும் காதுக்குப் பின்னாலயும் செவந்து செதிலு தட்டுனா, கண்டிப் பெரியாஸ்பத்திரியில தோல் கிளினிக் இருக்கு, காசு கெடையாது, காலையிலேயே போயி நம்பர் எடு. முட்டியிலயும் முழங்கையிலயும் வெள்ளி மாதிரி தடிச்சுச் செதிலு இருந்தா அது வேற நோய். எங்க லயத்துல ஒரு பொடியனுக்குத் தலையில வட்டமா முடி ஒடிஞ்சு விழுந்துச்சு. அவங்கம்மா பொடுகு பொடுகுன்னு ரெண்டு மாசம் ஷாம்பு போட்டுக்கிட்டு இருந்தா. அது படர்தாமரை, உள்ளுக்கு மருந்து குடுத்தாத்தான் போகும், தொத்தவும் செய்யும். தோட்டத்து டிஸ்பென்சரியில காட்டுனதும் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிச் சரியாச்சு. சிங்களத்துல பொடுகுக்கு இஸ் ஹொரிம்பாங்க, தலைச் சொறின்னு. பேரு ஒண்ணுதான் மருமகனே, சொறிஞ்சு பாத்தா ஒவ்வொருத்தன் தலையிலயும் வேற வேற இருக்கு.

அந்தக் கம்பளித் தொப்பிய எடு இங்க. எப்பத் தொவச்ச? பாட்டி சாவுக்கு வந்தப்பவும் இதத்தானே போட்டிருந்த? பாட்டி போயி மூணு வருசம் ஆச்சு. அத்தைகிட்டக் குடு. நனைஞ்ச தலையோட இதப் போட்டு அமுக்கிக்கிட்டா, பூஞ்சணத்துக்குச் சூடான வீடு, மழை படாத கூரை. இந்த லயத்துல கூரைத் தகரம் ஒழுகுதுன்னு நான் எத்தன வருசமாச் சொல்லிக்கிட்டு இருக்கேன், ஒன் பொடுகுக்குக் கெடைச்ச வசதி எனக்குக் கெடைக்கல.

நாயித்துக்கெழமைக்குள்ள போயிருமான்னு கேக்குற. இன்னிக்கு வெள்ளி. போகாது. வெள்ளைச் சேட்டு போட்டுக்கிட்டுப் போ. மறைக்கிறதுக்குச் சொல்லல, ஒங்கம்மா அழாம இருக்கட்டுமேன்னு சொல்றேன். வளந்த ஆளுகள்ல பாதிப் பேருக்கு இது இருக்காம். பொண்ணுக்கும் இருக்கலாம். இருந்தா நல்லது, ஒரே போத்தல்ல ரெண்டு தலை. பொண்ணோட அப்பன் தோளப் பாரு, அங்க கெடந்தா ஒனக்குத் தைரியம் வரும்.

கண்ணாடியில பாத்துக்கிட்டே நிக்காதே. இப்ப பீலியில ஆளு கொறைஞ்சிருக்கும், கொழுந்து நிறுத்துட்டு பொம்பளைங்க வர்றதுக்கு இன்னும் நேரம் இருக்கு. போத்தல எடுத்துக்க. தலைய நனைச்சு, தோலுக்குப் பூசி, தேய்ச்சுட்டு அங்கேர்ந்தே ஒரு சத்தம் குடு. இந்தா, வெத்தலையத் தொடைச்சு வச்சிருக்கேன். சத்தம் கேட்டதும் சுண்ணாம்பு தடவி, பாக்க வச்சு, மடிச்சு வாயில போடுவேன். எனக்குப் பல்லு மூணுதான், மெல்ல நேரமாகும். நான் துப்புற வரைக்கும் தலையில ஒரு சொட்டுத் தண்ணி விழக் கூடாது. திண்ணையிலேர்ந்து எனக்குப் பீலி தெரியும்.